'டேக் ஆன் மீ' வீடியோவில் பென்சில் கோடு ஏன் நடுங்குகிறது?

கேள்வி: விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு பாப் பாட்டு வீடியோவின் காட்சி நடையை ஆராய்ந்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஆ-ஹா குழுவின் 'டேக் ஆன் மீ' வீடியோவை எடுத்திருக்கிறேன். அந்தப் பென்சில் பகுதியை எப்படிச் செய்தார்கள்? இன்று போனில் இருக்கும் ஸ்கெட்ச் ஃபில்டரைப் போட்டால் அதே மாதிரி வரவில்லையே, ஏன்? கடைசியில் அந்தப் பையன் நிஜமாகவே மனிதனாகிவிடுகிறானா?

பதில்:

நல்ல வீடியோவை எடுத்திருக்கிறீர்கள். கையால் வரையும் அனிமேஷனைப் பல வருடங்களாகச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் முதல் வாரத்தில் மாணவர்களுக்கு நான் போட்டுக் காட்டுவது இதைத்தான். வெளிவந்து நாற்பது வருடம் ஆகிறது. இன்றைய பிள்ளைகளும் கண் சிமிட்டாமல் பார்க்கிறார்கள். அது ஏன் என்பதுதான் உங்கள் கட்டுரையின் மையமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையை எழுதி முடித்துவிட்டு மேலே பூசிய அலங்காரம் இல்லை இந்தப் பென்சில் வேலை. அந்தக் கோடு நடுங்கிக்கொண்டே இருப்பதால்தான் தாளில் இருக்கும் பையனுக்கு உயிர் இருக்கிறது என்று நாம் நம்புகிறோம். அந்த நம்பிக்கை வரவில்லை என்றால் கதையே நிற்காது.

பார்க்காதவர்களுக்காகக் கதை இரண்டு வரியில். ஒரு பெண் காபிக் கடையில் உட்கார்ந்து காமிக்ஸ் படிக்கிறாள். சைடு கார் பூட்டிய மோட்டார் சைக்கிள் பந்தயக் கதை. அதன் நாயகன் தாளிலிருந்தே அவளைப் பார்த்துக் கண்ணடிக்கிறான், பென்சிலால் வரைந்த கையை வெளியே நீட்டி அவளை உள்ளே அழைத்துக்கொள்கிறான். பில் கட்டாமல் ஓடிவிட்டாள் என்று நினைத்த பரிமாறும் பெண் காமிக்ஸைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போடுகிறாள். உள்ளே இருப்பவர்களுக்கு ஆபத்து வருகிறது. பெண் தப்பி வெளியே வருகிறாள், புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறாள். அங்கே அவன் தாளை உடைத்துக்கொண்டு நிஜத்துக்கு வருகிறான். அவ்வளவுதான். வசனம் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

இதன் பின்னணியைச் சுருக்கமாகக் கட்டுரையில் வையுங்கள், ஏனென்றால் அதுவே ஒரு பாடம். ஆ-ஹா நார்வே நாட்டு மூவர் குழு: பாடகர் மார்ட்டன் ஹார்க்கெட், கீபோர்டு மாக்னே ஃபுருஹோல்மன், கிதார் போல் வாக்டார். இந்தப் பாட்டு 1984இல் ஒருமுறை வெளிவந்தது. அதற்கும் ஒரு வீடியோ உண்டு. நீல நிறப் பின்னணியில் குழு பாடும், சுற்றி ஆட்கள் குட்டிக்கரணம் போடுவார்கள். இணையத்தில் கிடைக்கிறது, தேடிப் பாருங்கள். நார்வேக்கு வெளியே பாட்டு எடுபடவில்லை. அப்புறம் தயாரிப்பாளர் ஆலன் டார்னியோடு பாட்டை மறுபடி பதிவு செய்தார்கள். வார்னர் பிரதர்ஸ் ரெக்கார்ட்ஸில் இருந்த ஜெஃப் ஐராஃப் இந்தப் பாட்டைக் கைவிடாமல், புது வீடியோ எடுக்கும் பொறுப்பை ஸ்டீவ் பேரனிடம் கொடுத்தார். மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' வீடியோவை எடுத்தவரும் இந்த ஸ்டீவ் பேரன்தான். வரைந்தவர்கள் மைக்கேல் பாட்டர்சன், கேண்டஸ் ரெக்கிங்கர் என்ற தம்பதி. பாட்டர்சன் மாணவராக இருந்தபோது 'கம்யூட்டர்' என்று பென்சிலில் ஒரு குறும்படம் செய்திருந்தார். இந்த நடையின் விதை அதில்தான் இருந்தது. 1985 அக்டோபரில் பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அடுத்த வருடம் எம்டிவி விருதுகளில் இந்த ஒரு வீடியோ ஆறு விருது வாங்கியது. ஒரே பாட்டு, ஒரே குரல். பழைய வீடியோவையும் புதிய வீடியோவையும் அடுத்தடுத்துப் பார்த்தாலே படத்தின் பலம் என்ன என்று புரிந்துவிடும்.

ஆராய்ச்சியை எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், முதல் தடவை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். பாட்டு நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும், கண் சோம்பேறியாகிவிடும். ஒலி இல்லாமல் இரண்டு தடவை, அதற்குப் பிறகு பிரேம் பிரேமாக, அதாவது ஓடும் படத்தின் ஒவ்வொரு தனிப் படமாக நிறுத்தி ஒரு தடவை. கமா, புள்ளி விசைகளால் யூட்யூபில் ஒவ்வொரு பிரேமாக நகர்த்தலாம். 2019இல் மூல பிலிமிலிருந்து 4கே தரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், அந்தப் பதிப்பையே பாருங்கள். பென்சிலின் பொடி வரைக்கும் தெரியும்.

சரி, நுட்பத்துக்கு வருவோம். இதன் பெயர் ரோட்டோஸ்கோப்பிங். மாக்ஸ் ஃப்ளெய்ஷர் 1915இல் விண்ணப்பித்து 1917இல் காப்புரிமை பெற்ற முறை. அவருடைய தம்பி டேவ் கோமாளி வேடம் போட்டு நடித்தார். அந்தப் பிலிமை ஒவ்வொரு பிரேமாகக் கண்ணாடியில் விழவைத்து, மேலே தாளை வைத்து வரைந்தார்கள். கோகோ என்ற கோமாளிக் கதாபாத்திரம் அப்படித்தான் பிறந்தது. முறை மிக எளிது, உழைப்புதான் மலை. முதலில் நிஜ நடிகர்களை வைத்து முழுக் காட்சியையும் எடுத்துவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு பிரேமின் மேலும் ஒரு தாள், ஒவ்வொரு தாளிலும் ஒரு புதுப் படம். அந்தத் தாள்களை வரிசையாகக் கேமராவில் எடுத்து ஓட்டினால் வரைபடம் அசையும்.

இந்த வீடியோவுக்குச் சுமார் 3,000 பிரேம் வரைந்தார்கள், 16 வாரம் ஆனது. ஒரு நாள்கூட விடுமுறை இல்லை என்று வைத்துக்கொண்டாலும் நாளுக்கு 27 படம். சினிமா ஓட்டத்தில் விநாடிக்கு 24 பிரேம். அதாவது நாள் முழுக்கக் குனிந்து வரைந்தால் திரையில் ஒரு விநாடியும் கொஞ்சமும் கிடைக்கும். இந்தக் கணக்கை உங்கள் கட்டுரையில் கட்டாயம் போடுங்கள்.

ஆனால் கணக்கை விட முக்கியமான ஒன்று இருக்கிறது. ரோட்டோஸ்கோப் என்றால் வெறும் டிரேஸ் எடுப்பது, அதில் என்ன கலை என்று பலர் கேட்பார்கள். ஒரு பிரேமை நிறுத்துங்கள். நாயகனின் முகம் நெருக்கமாகத் தெரியும் ஏதாவது ஒன்று. தாடை எலும்பு அழுத்தமாக வந்திருக்கும். கன்னத்தில் நிழல் விழும் பக்கம் சாய்வான கோடுகள் அடர்ந்திருக்கும். வெளிச்சம் விழும் பக்கத்தில் ஒன்றுமே இருக்காது, வெறும் தாள். தலைமுடி பத்துப் பதினைந்து வீச்சில் முடிந்துவிடும். பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தால் பல இடங்களில் எதுவும் இல்லை. இத்தனையும் பாட்டர்சன் எடுத்த முடிவுகள். எதை வரைவது என்பதை விட எதை விடுவது என்பதில்தான் கை தெரிகிறது. கோலம் போடுகிறவர் புள்ளி வைத்துவிட்டு எந்தப் புள்ளியைச் சுற்றி வளைப்பது, எதைத் தாண்டுவது என்று முடிவு செய்வது போலத்தான். புள்ளி எல்லாருக்கும் ஒன்று, கோலம் ஒன்றில்லை.

இப்போது நடுக்கத்துக்கு வருகிறேன். ஒரே முகத்தை அடுத்தடுத்த இரண்டு தாளில் வரைந்தால் எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும் கோடு மயிரிழை தள்ளித்தான் விழும். நிழல் கோடுகளோ மொத்தமாகவே இடம் மாறிவிடும். இதை வேகமாக ஓட்டும்போது கோடு கொதிப்பது போலத் தெரியும். அனிமேஷன்காரர்கள் இதைக் கொதிப்பு என்றே சொல்கிறார்கள். சோற்றுப் பானை கொதிக்கிறபோது மேல்பரப்பு ஓர் இடத்தில் நிற்காது, ஆனால் பானை அங்கேயேதான் இருக்கும், அதே மாதிரி. சாதாரணக் கார்ட்டூனில் இது குறையாகக் கருதப்படும், கோட்டைச் சுத்தம் செய்து இதை அடக்கிவிடுவார்கள். இங்கே அதை அடக்கவில்லை. அதனால்தான் நாயகன் அசையாமல் நின்று அவளைப் பார்க்கும் நொடியிலும் அவன் உடம்பு முழுக்க ஓர் அதிர்வு இருக்கிறது. மூச்சு விடுகிறான் என்று நமக்குத் தோன்றுகிறது.

என் வகுப்பில் ஒரு பயிற்சி கொடுப்பேன். மேஜையில் இருக்கும் எவர்சில்வர் டம்ளரை ஒரு கை எடுப்பதை வீடியோ எடுத்து, அதில் ஒரு விநாடியைப் பன்னிரண்டு தாளில் பென்சிலால் வரைய வேண்டும். ஒரு வருடம் ஒரு மாணவி, மிகத் திறமையானவள், ஒவ்வொரு தாளையும் முந்தைய தாளோடு லைட் பாக்ஸில் (அடியிலிருந்து வெளிச்சம் வரும் வரைபலகை) ஒட்டிப் பார்த்து, கோடு துளியும் நகராதபடி ரப்பரால் அழித்து அழித்துச் சரி செய்தாள். வேறு ஒரு பையன் நேரம் போதாமல் கடகடவென்று வரைந்து கொடுத்தான். ஓட்டிப் பார்த்தோம். அவளுடைய கை ஸ்டிக்கர் வெட்டி நகர்த்தியது போல இருந்தது. அவனுடைய கையில் ரத்தம் ஓடியது. வகுப்பே அமைதியாகிவிட்டது. அவள்தான் முதலில் பேசினாள்: "சார், நான் உயிரை அழிச்சுட்டேன்." அந்த வாக்கியத்தை நான் மறந்ததே இல்லை. வரைதல் ஆசிரியராக அதற்கு மேல் நான் விளக்கிச் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

ஃபில்டர் ஏன் வேலை செய்யவில்லை என்ற உங்கள் கேள்விக்கும் விடை இதிலேயே இருக்கிறது. சாதாரண ஸ்கெட்ச் ஃபில்டர் படத்தில் எங்கே வெளிச்சம் சட்டென்று மாறுகிறதோ அங்கே ஒரு கோடு போடும். அதற்குக் கண் இமையும் ஒன்று, சுவரில் இருக்கும் விரிசலும் ஒன்று. சட்டைப் பொத்தானுக்கும் உதட்டுக்கும் ஒரே மரியாதை. எதையும் விடத் தெரியாது, அதனால் எதுவும் தனித்துத் தெரியாது. கோடு நடுங்க வேண்டும் என்று சில செயலிகள் செயற்கையாக ஆட்டிக் காட்டுகின்றன. அந்த ஆட்டம் படம் முழுக்க ஒரே அளவில் இருக்கும். மனிதக் கையில் அப்படி இல்லை. கண், உதடு என்று கவனம் குவியும் இடத்தில் கை நிதானப்படும். சட்டை, முடி, நிழல் என்று வரும்போது வீசிவிட்டுப் போகும். அந்த ஏற்ற இறக்கம் இருக்கும்போது நம் கண் தானாகவே முகத்துக்குப் போகிறது. சமீபத்தில் வந்திருக்கும் ஏஐ கருவிகள் இதைவிட நன்றாகவே வரைகின்றன, மறுக்கவில்லை. இருந்தாலும் ஒரு நடிகரின் தாடையை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெள்ளையாக விடத் துணிய வேண்டுமே, அந்த முடிவை யாராவது ஒருவர் எடுத்தாக வேண்டும்.

ஒரு சின்னக் குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன், நீங்கள் சென்னையில் வேலை தேடப் போகும்போது உதவும். நம் ஊர் விஎஃப்எக்ஸ் (சினிமாவுக்கான காட்சி ஜாலம்) ஸ்டூடியோக்களில் 'ரோட்டோ ஆர்ட்டிஸ்ட்' என்று சொல்வது வேறு வேலை. அங்கே நடிகரின் உருவத்தைப் பிரேம் பிரேமாக ஓரம் பிடித்துப் பின்னணியிலிருந்து பிரித்தெடுப்பார்கள். வெளிநாட்டுப் படங்களுக்கு இந்த வேலை சென்னை, ஹைதராபாத், மும்பை எல்லா ஊர்களிலும் இரவு பகலாக நடக்கிறது. பெயர் ஃப்ளெய்ஷர் காலத்து முறையிலிருந்து வந்ததுதான். பிரேம் மேல் கோடு போடுவது என்ற அடிப்படையும் அதேதான். ஆனால் அந்தக் கோடு திரையில் தெரியவே கூடாது. 'டேக் ஆன் மீ'யில் கோடுதான் படம். கட்டுரையில் இரண்டையும் ஒன்றாக எழுதிவிடாதீர்கள்.

இந்த வீடியோவிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் கை வெளியே வரும் நொடி. பேரன் மனத்தில் முதலில் தோன்றிய படமும் அதுதான், மற்றதெல்லாம் அதைச் சுற்றிக் கட்டியது. அதை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மேஜையில் காமிக்ஸ் தட்டையாகக் கிடக்கிறது. பக்கத்தில் காபிக் கோப்பை. வண்ணம், நிஜம், தொட்டால் சுடும். அந்தத் தாளிலிருந்து கோடுகளால் ஆன ஒரு கை எழும்புகிறது, உள்ளங்கை மேல் நோக்கி. கையின் உள்ளே சதை இல்லை, தாளின் வெண்மைதான் இருக்கிறது. அதைச் சுற்றியிருக்கும் காற்று மட்டும் காபிக் கடையின் காற்று. வரைந்த கையையும் உண்மையான மேஜையையும் ஒரே சட்டகத்தில் இவ்வளவு நிதானமாகக் காட்டியதால்தான் பயம் வரவில்லை. அவள் தயங்குகிறாள், பிறகு கையைக் கொடுக்கிறாள். மந்திர ஒளி இல்லை, புகை இல்லை. ஒரு கல்யாண வீட்டில் யாரோ கை நீட்டிப் படியேற்றிவிடுவது போல அவ்வளவு இயல்பாக நடக்கிறது.

இதற்காகத்தான் அந்தக் கடை அவ்வளவு சாதாரணமாக இருக்கிறது. லண்டனில் வான்ட்ஸ்வொர்த் சாலையில் இருந்த கிம்ஸ் கஃபே என்ற உண்மையான கடை அது. மங்கிய வெளிச்சம், அன்றாட ஆட்கள், மேஜையில் பில். நிஜ உலகத்தை அலங்காரமே இல்லாமல் வைத்ததால் வரைந்த உலகம் மிச்ச வேலையைச் செய்துகொள்கிறது. இரண்டையும் கனவு போலக் காட்டியிருந்தால் நமக்கு எல்லை தெரிந்திருக்காது. எல்லை தெரிந்தால்தான் தாண்டுவதில் அர்த்தம்.

அடுத்து கண்ணாடிச் சட்டக் காட்சி. இதற்குத் தனியாக ஒரு பத்தி ஒதுக்குங்கள், தேர்வாளர் யாராக இருந்தாலும் இதைத்தான் தேடுவார். காமிக்ஸுக்குள் ஒரு பெரிய சட்டம் நிற்கிறது. அதன் ஒரு பக்கம் அவன், மறுபக்கம் அவள். சட்டத்துக்கு ஊடாகப் பார்த்தால் ரத்தமும் சதையுமாகத் தெரிகிறார்கள். சட்டத்துக்கு வெளியே நகர்ந்த உடம்பு பென்சிலாகிவிடுகிறது. ஒருவரை ஒருவர் பார்த்தபடி சுற்றி வருகிறார்கள். ஒரே உடம்பில் பாதி கோடு, பாதி தோல் என்று வரும் பிரேம்கள் இங்கே உண்டு. அந்தப் பிரேம்களை நிறுத்தி, சட்டத்தின் ஓரத்தை மட்டும் பாருங்கள். நிஜத் தோளின் விளிம்பு எங்கே முடிகிறதோ அங்கேயே வரைந்த தோள் தொடங்க வேண்டும். ஒவ்வொரு பிரேமிலும் ஓரம் வேறு இடத்தில் இருக்கும், ஏனென்றால் ஆள் நகர்கிறான். இதைக் கம்ப்யூட்டர் உதவி இல்லாமல் தாளிலும் பிலிமிலும் பொருத்தியிருக்கிறார்கள்.

இதன் அர்த்தத்தையும் கவனியுங்கள். காமிக்ஸ் என்பதே கட்டம் கட்டமான கலை. கட்டத்துக்கு உள்ளே கதை, வெளியே வெள்ளைத் தாள். இந்த வீடியோ அந்தக் கட்டத்தையே கதவாக்கிவிட்டது. பெண் கையைப் பிடித்து உள்ளே போவது ஒரு கட்டம். அவர்கள் காதலிப்பது ஒரு கட்டத்துக்கு ஊடாக. வில்லன்கள் வந்ததும் ராட்சத ஸ்பானரால் முதலில் உடைப்பது அந்தச் சட்டத்தைத்தான், அவள் உள்ளே மாட்டிக்கொள்கிறாள். தப்பிக்க அவன் தாள் சுவரைக் கிழித்து ஓட்டை போடுகிறான். கடைசியில் அவன் மோதுவதும் கட்டத்தின் கோட்டில். ஒரே ஒரு வடிவம், ஐந்து விதமான வேலை. காட்சி நடை என்று உங்கள் பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். வண்ணம், கேமரா கோணம் எல்லாம் இதற்குப் பிறகுதான் வரும்.

புத்தகத்தைக் கசக்கும் இடத்தில் ஒரு அழகான காரண காரியம் இருக்கிறது. பரிமாறும் பெண்ணுக்கு உள்ளே நடப்பது எதுவும் தெரியாது. அவளுக்கு அது பில் கட்டாத வாடிக்கையாளர் விட்டுப்போன குப்பை, அவ்வளவுதான். ஆனால் தாள் கசங்கியதும் உள்ளே உலகம் குலைகிறது; தோற்ற பந்தயக்காரர்கள் துரத்துகிறார்கள், தாள் சுவர்களுக்கு நடுவே ஓட்டம், முட்டுச்சந்து. வெளியே ஒரு கை அசைவு, உள்ளே ஒரு பேரழிவு. குழந்தைகள் இந்தத் தர்க்கத்தை உடனே ஏற்றுக்கொள்வார்கள். பிறகு அந்தப் பெண் வீட்டில் தாளைத் தரையில் வைத்து உள்ளங்கையால் சுருக்கம் நீவுகிறாள் பாருங்கள், இஸ்திரி போடுவது போல. நீவி முடித்தால் அடுத்த கட்டத்தில் அவன் அசையாமல் கிடக்கிறான். பெண்ணாக நடித்த பன்ட்டி பெய்லியின் முகம் அந்த நொடியில் செய்வதைத்தான் நடிப்பு என்று சொல்ல வேண்டும்.

இவளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அக்காலத்து வீடியோக்கள் பலவற்றில் பெண்ணை அழகுக்கு நிறுத்தி வைப்பார்கள். இங்கே அவள் வாசகி. கண்ணடித்ததைக் கண்டவள் அவள்தான், கையைப் பிடிப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பவளும் அவள்தான், குப்பைத் தொட்டியில் கை விட்டுப் புத்தகத்தை மீட்பவளும் அவள்தான். நாம் காமிக்ஸை அவள் கண் வழியாகத்தான் பார்க்கிறோம். உங்கள் கட்டுரையில் 'பார்வை' பற்றி எழுதச் சொல்லியிருந்தால் இந்தக் கோணத்தை எடுங்கள்.

குறை இல்லாத படைப்பா என்றால், எனக்கு இரண்டு இடம் உறுத்தும். குழு வாசிக்கிற ஷாட்டுகள் கதைக்குத் தேவையே இல்லை. பாட்டு விற்க வேண்டும், மூவர் முகமும் தெரிய வேண்டும் என்பதற்காக வந்தவை. அவை பென்சிலில் இருப்பதால் தப்பித்தன. இன்னொன்று, வில்லன்களுக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று கடைசி வரை புரியாது. பந்தயத்தில் தோற்றவன் இவ்வளவு தூரம் துரத்துவானா? நாலு நிமிடத்துக்குள் முடியும் படத்தில் அதற்கெல்லாம் இடமில்லை என்று விட்டுவிடலாம்.

கடைசிப் பகுதிக்கு வருவோம். அவள் வீட்டு நடைவழியில் அவன் உருவம் தோன்றுகிறது. இடது சுவரில் மோதுகிறான், வலது சுவரில் மோதுகிறான். ஒரு மோதலில் பென்சில், அடுத்த மோதலில் சதை, மறுபடி பென்சில். 1980இல் வந்த 'ஆல்டர்ட் ஸ்டேட்ஸ்' என்ற ஹாலிவுட் படத்தின் இறுதிக் காட்சியிலிருந்து இதற்கான யோசனை வந்தது. அங்கும் நாயகன் நடைவழிச் சுவர்களில் மோதி மோதித் தன் மனித உருவத்தை மீட்டெடுப்பான். கடன் வாங்கியதுதான், ஆனால் கடன் வாங்கிய இடத்தில் இல்லாத ஒன்றை பேரன் சேர்த்திருக்கிறார். அதுவரை வீடியோ முழுக்க கோட்டின் நடுக்கம் மென்மையாக, ஒரு இதயத் துடிப்பு அளவுக்கு இருந்தது. இங்கே அந்த நடுக்கம் உடம்பு முழுக்கப் பரவி, ஆளையே தூக்கி அடிக்கிறது. பொறுமையாகக் கவனித்தால், தொடக்கத்தில் தாளின் மேல் மெல்லக் கொதித்த அதே கோடுதான் இங்கே உச்சத்துக்கு வந்திருக்கிறது என்று தெரியும். எங்கே நிற்கிறது தெரியுமா? அவன் முழு மனிதனாக நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சிரிக்கும்போது. கோடே இல்லை. அசைவும் அடங்கிவிட்டது. வீடியோ தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக அவன் உடம்பு சும்மா இருக்கிறது.

படத்தொகுப்பு பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. தாளத்துக்கு வெட்டும் ஷாட்டுகளும் இருக்கின்றன, கதைக்கு வெட்டும் ஷாட்டுகளும் இருக்கின்றன. கதை பக்கம்தான் எடை. வண்ணம் பற்றியும் ஒரு வரி போதும்: உள்ளே கறுப்பு வெள்ளை, வெளியே பழுப்பு கலந்த மங்கிய வண்ணம். பளிச்சென்ற நிறங்களும் பளபளப்பும் நிறைந்த 1985இல் பென்சில் சாம்பல் நிறத்தை நம்பியதே பெரிய துணிச்சல் என்று சொல்லி முடித்துவிடலாம். அந்தத் துணிச்சலுக்கு எதிர்முனையையும் அதே வருடம் அதே பேரன்தான் எடுத்தார். டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் 'மணி ஃபார் நத்திங்' வீடியோவில் கட்டை கட்டையான கம்ப்யூட்டர் உருவங்கள் நடமாடும். 1986 எம்டிவி விழாவில் ஆண்டின் சிறந்த வீடியோ விருது 'டேக் ஆன் மீ'க்குக் கிடைக்காமல் போனது அந்த வீடியோவால்தான். கம்ப்யூட்டர் அன்று புதுமையாக இருந்தது. இன்று இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். அந்த உருவங்களில் 1985 என்று தேதி எழுதி ஒட்டியிருக்கிறது. பென்சிலுக்குத் தேதி கிடையாது. ஒப்பிட்டு எழுத உங்களுக்கு ஒரு நல்ல ஜோடி இது.

அப்புறம், அவன் நிஜமாகவே மனிதனாகிவிடுகிறானா என்று கேட்டீர்கள். இந்த வீடியோவில் ஆகிவிடுகிறான். ஆனால் அடுத்த பாட்டான 'தி சன் ஆல்வேஸ் ஷைன்ஸ் ஆன் டிவி' வீடியோவின் தொடக்கத்தைப் பாருங்கள். அதையும் பேரன்தான் எடுத்தார். இரவு, மரங்களுக்கு நடுவே அந்த இருவரும் எதிரெதிரே நிற்கிறார்கள். சண்டை இல்லை, பேச்சும் இல்லை. அவன் முகத்தில் ஏதோ மாறுகிறது, அவன் உடம்பில் பென்சில் கோடுகள் திரும்ப வரத் தொடங்குகின்றன. அவன் புரிந்துகொள்கிறான், அவளும் புரிந்துகொள்கிறாள். அவன் ஓடிவிடுகிறான், அவள் நின்ற இடத்திலேயே நிற்கிறாள். திரையில் 'முற்றும்' என்று எழுத்து வருகிறது, அதற்குப் பிறகுதான் அந்தப் பாட்டின் வீடியோவே தொடங்குகிறது. அந்தச் சில விநாடிகளையும் பிரேம் பிரேமாக நிறுத்திப் பாருங்கள். கோடு திரும்பி வருகிறது, கூடவே நடுக்கமும்.